வீட்டின் பின்புறம் டெக் அமைத்தல்: திட்டமும் செலவும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ப்ரன் போன்ற நகரங்களிலும் வீடு வாங்கிய நம்மவர்கள், இரண்டு மூன்று கோடைகளுக்குள் பின்வளவைப் பார்த்து, "இதில் ஒரு டெக் போட்டால் என்ன?" என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். என் வீட்டில் ஒரு டெக்கைப் பிழையாகப் போடுவித்து, அதைக் கழற்றி மீண்டும் ஒழுங்காகப் போட்டவன் என்பதால், உறவினரும் நண்பர்களும் தங்கள் சந்தேகங்களை என்னிடம் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிக் கூறப்படுபவை ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை.

டெக் என்றால் எங்கட ஊர்த் திண்ணை மாதிரித்தானே? அதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

திண்ணை வீட்டின் அத்திவாரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டு, வீட்டின் கூரைக்குக் கீழே இருப்பது. டெக் என்பது தூண்களின் மேல் நிற்கும், கூரையில்லாத மரத் தளம். மழை, வெயில், மாதக்கணக்கில் கிடக்கும் பனி, உறைந்து உருகும் நிலம் ஆகிய அனைத்தையும் அது நேரடியாகத் தாங்க வேண்டியிருக்கிறது.

அதன் பாகங்களை இப்போதே அறிந்துகொண்டால் பின்வரும் பதில்கள் எளிதாக விளங்கும். நிலத்துக்குள் சீமெந்து அத்திவாரம், அதன் மேல் தூண், தூண்களை இணைக்கும் பீம், பீமின் மேல் வரிசையாகக் கிடக்கும் ஜோயிஸ்ட் என்னும் சட்டங்கள், அவற்றின் மேல் நடக்கும் பலகை, ஓரத்தில் றெயிலிங், இறங்குவதற்குப் படி. வீட்டைப் பார்க்க வருபவரின் கண்ணில் படுவது பலகையும் றெயிலிங்கும் மட்டுமே. ஆனால் டெக் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை அவற்றுக்குக் கீழே இருப்பவை. திட்டமிடும்போது பெரும்பாலானோர் பலகையின் நிறத்தில் தொடங்குகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் தொடங்கினேன்.

எவ்வளவு பெரிதாகப் போட வேண்டும்?

அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு பேர் இருந்து சாப்பிடும் மேசை மட்டும் என்றால், கதிரைகளைப் பின்னுக்கு இழுத்து எழும்பும் இடத்தையும் சேர்த்து 10 அடிக்கு 12 அடி போதும். பார்பிக்யூ அடுப்பு, சாய்கதிரைகள், பிள்ளைகள் ஓடும் இடம் என்று சேரும்போது 12 அடிக்கு 16 அடி வரை போகும். அடுத்து, புல்லின் மேல் அந்த அளவுக்குக் கயிறு பிடித்து, வீட்டிலுள்ள மேசை கதிரைகளை அதற்குள் வைத்து, இரண்டு மாலைப் பொழுதுகள் அங்கே இருந்து பாருங்கள். கடதாசியில் சரியாகத் தெரிந்த அளவு பல வீடுகளில் இந்தச் சோதனையில் மாறியிருக்கிறது.

பலகைகள் 8, 10, 12, 14, 16 அடி என்று இரட்டைப்படை நீளங்களில் விற்கப்படுகின்றன. 13 அடி டெக் என்று முடிவெடுத்தால், 14 அடிப் பலகைக்குப் பணம் கொடுத்து ஒவ்வொன்றிலும் ஓர் அடியை வெட்டி எறிவீர்கள். எல்லை வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், வளவில் எவ்வளவு பரப்பை மூடலாம் என்பவற்றை உங்கள் நகரசபையின் காணிப் பயன்பாட்டு விதிகள் தீர்மானிக்கும் என்பதால், அளவை முடிவாக்குமுன் அங்கே ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்டுவிடுங்கள்.

அண்ணை, சதுர அடிக்கு எவ்வளவு முடியும்? அதை மட்டும் சொல்லுங்கோ.

இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்பவரை நான் நம்புவதில்லை. ஒப்பந்தகாரரைக் கொண்டு 12 அடிக்கு 16 அடி டெக் போடுவித்தால், மிகச் சாதாரண மரத்திலும் இன்று அது ஐந்து இலக்கத் தொகைதான் என்பதை மட்டும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல், சதுர அடிக் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதைப் பார்ப்போம்.

12 அடிக்கு 16 அடி என்றால் பரப்பு 192 சதுர அடி. 16 அடிப் பக்கம் வீட்டோடு இருந்தால் திறந்த மூன்று பக்கங்களின் நீளம் 40 அடி. இதையே 16 அடிக்கு 24 அடியாக்கினால் பரப்பு 384 சதுர அடி, அதாவது சரியாக இரண்டு மடங்கு. ஆனால் திறந்த பக்கங்கள் 56 அடிதான். றெயிலிங்குக்கு ஓர் அடிக்கு ஆகும் கூலியும் பொருளும் அதிகம். படி, கட்டட அனுமதி, வரைபடம், குப்பை அகற்றுதல் ஆகியவையோ டெக் பெரிதானாலும் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. எனவே சிறிய டெக்கின் சதுர அடி விலை எப்போதும் கூடுதலாகவே தெரியும். மச்சானின் பெரிய டெக்குக்கு முடிந்த சதுர அடி விலையை 192ஆல் பெருக்கிப் பார்த்துப் பயனில்லை.

இதைவிடப் பெரிய காரணி உயரம். பின்வளவு சரிந்து, பேஸ்மென்ட் கதவு நேரே வெளியில் திறக்கும் வீடுகளில், சமையலறைக் கதவுக்கு வெளியே டெக் வைத்தால் அது நிலத்திலிருந்து ஏறத்தாழ 9 அடி உயரத்தில் நிற்கும். ஒரு படி 200 மில்லிமீற்றருக்கு மேல் உயரக் கூடாது, மிதி 255 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது விதி. 9 அடி என்பது 2,743 மில்லிமீற்றர். அதற்கு 14 எழுச்சிகளும் 13 மிதிகளும் தேவைப்படும், படிக்கட்டு மட்டுமே கிட்டத்தட்ட 11 அடி நீளத்துக்கு வளவுக்குள் ஓடும். தடித்த தூண்கள், சாய்வுத் தாங்கிகள், உயரமான றெயிலிங், ஏணி வைத்துச் செய்யும் வேலைக்கான கூலி எல்லாம் இதனோடு சேரும். ஆகவே ஒப்பந்தகாரரிடம் முதலில் சொல்ல வேண்டியது கதவடியிலிருந்து நிலம் வரையுள்ள உயரம்; பரப்பளவு அதற்கு அடுத்ததுதான்.

மருந்தடித்த மரமா, சீடரா, கொம்போசிற்றா? எது இலாபம்?

அழுத்தத்தில் மருந்தேற்றிய மரம் வாங்கும்போது மலிவு. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழுவிச் சாயம் பூச வேண்டும், வெடிப்பும் முறுக்கும் வரும். சீடர் மரம் இயல்பாகவே உக்குதலை ஓரளவு எதிர்க்கும், வாசனையும் அழகும் உண்டு. பூச்சின்றி விட்டால் சாம்பல் நிறமாகிவிடும், மென்மையானதால் கதிரைக் கால் பட்டாலும் அடையாளம் விழும். கொம்போசிற் என்பது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்வது. விலை மிகக் கூட, பராமரிப்பு மிகக் குறைவு. ஆடி மாத வெயிலில் கடும் நிறக் கொம்போசிற்றில் வெறுங்காலுடன் நடக்க முடியாது என்பதைக் காட்சியறையில் எவரும் சொல்வதில்லை.

கொம்போசிற் டெக்கிலும் கீழேயுள்ள தூண், பீம், ஜோயிஸ்ட் யாவும் பெரும்பாலும் மருந்தடித்த மரமே. ஆகவே 25 ஆண்டு உத்தரவாதம் என்று பலகைக்குச் சொல்லப்படுவது அடிச்சட்டத்துக்குப் பொருந்தாது. மேலும் கொம்போசிற்றைக் கோணலாகப் பதிக்கும்போது பல உற்பத்தியாளர்கள் ஜோயிஸ்ட்களை 16 அங்குலத்துக்குப் பதிலாக 12 அங்குலத்துக்கு ஒன்றாக வைக்கச் சொல்கிறார்கள். 16 அடி அகல டெக்கில் 13 ஜோயிஸ்ட் 17 ஆகிவிடும். அந்த நான்கின் விலை பலகை விலைப் பட்டியலில் தெரியாது.

பணம் மட்டாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது, அடிச்சட்டத்தில் ஒரு சதமும் குறைக்காமல், மேலே சாதாரண மருந்தடித்த பலகையைப் போடுங்கள் என்பதே. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மேற்பலகையை மட்டும் மாற்ற வசதி இருக்கும். அத்திவாரத்தை அப்படி மாற்ற முடியாது.

மருந்தடித்த மரம் பிள்ளைகளுக்கு நஞ்சு என்கிறார்களே?

இந்தப் பயம் பழைய மரத்தைப் பற்றியது. ஆர்செனிக் கலந்த மருந்தை வீட்டுப் பாவனை மரங்களுக்கு ஏற்றுவது கனடாவிலும் அமெரிக்காவிலும் 2003ஆம் ஆண்டின் முடிவோடு கைவிடப்பட்டது. இப்போது பயன்படுபவை செப்பை அடிப்படையாகக் கொண்டவை. 2004க்கு முந்திய டெக் உங்கள் வீட்டில் இருந்தால், அதைக் கழற்றும்போது கவனமாக இருங்கள். பழையதோ புதியதோ, மருந்தடித்த மரத் துண்டுகளை அடுப்பிலோ முற்றத்துத் தீயிலோ எரிக்கவே கூடாது.

செப்பு மருந்து சாதாரண ஆணியை விரைவில் அரித்துவிடும் என்பது பலர் அறியாத செய்தி. ஆணி, திருகாணி, இணைப்புத் தகடு எல்லாம் சூடான துத்தநாகத்தில் தோய்த்தெடுத்தவையாகவோ கறைபடா எஃகாகவோ இருக்க வேண்டும். மதிப்பீட்டில் இதை எழுத்தில் கேளுங்கள்.

பெர்மிட் கட்டாயமா? பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கவில்லையே.

ரொறன்ரோவில், தளம் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்தால் கட்டட அனுமதி வேண்டும். மற்ற நகரசபைகளில் உயரத்தோடு பரப்பளவு, வீட்டோடு இணைந்திருத்தல் போன்றவையும் பார்க்கப்படலாம் என்பதால் உங்கள் நகரசபையிடமே கேளுங்கள். அனுமதி தேவைப்படாத தாழ்ந்த டெக்கும் எல்லைத் தூர விதிகளுக்குக் கட்டுப்பட்டதே.

விண்ணப்பத்துக்குக் காணியின் அளவைப் படம், மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்த வரைபடங்கள், வெட்டுமுகம் ஆகியவை வேண்டும். சொந்த வீட்டுக்கு உரிமையாளர் தானே வரையலாம். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 10 வேலை நாட்களுக்குள் நகரசபை முடிவு சொல்ல வேண்டும். தாமதங்கள் பெரும்பாலும் குறைபாடுள்ள வரைபடங்களால் வருகின்றன. பிறகு சீமெந்து ஊற்றுமுன் குழியையும், அடிச்சட்டம் கூடியபின் அதையும், இறுதியில் முழுவதையும் பரிசோதகர் பார்ப்பார். சிலர் இதைத் தொல்லை என்பார்கள். ஒப்பந்தகாரர் செய்த வேலையை அவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் உங்களுக்காகச் சோதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டால், அந்தக் கட்டணம் மலிவானதே.

பெர்மிட் எடுத்தால் வீட்டு வரி ஏறுமாமே?

அனுமதி விவரங்கள் சொத்து மதிப்பிடும் எம்பாக் நிறுவனத்துக்குப் போவது உண்மை. ஆனால் ஒரு புதிய அறையையோ முடித்த பேஸ்மென்ட்டையோ போலத் திறந்த மரத்தளம் மதிப்பைத் தூக்கிவிடுவதில்லை. இந்தப் பயத்தில் அனுமதியைத் தவிர்த்தவர்கள் பின்னர் எதிர்கொள்ளும் செலவைக் கீழே ஒரு கேள்வியில் காணலாம்.

நாலு அடி ஆழக் குழி ஏன்? கடையில் விற்கும் சீமெந்துக் கட்டையை வைத்தால் போதாதா?

குளிர்காலத்தில் ரொறன்ரோப் பகுதி நிலம் மேலிருந்து கீழாக உறைகிறது. நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். மண்ணுக்குள் கீழிருந்து நீர் மேலும் இழுக்கப்பட்டுப் பனிக்கட்டி அடுக்குகளாகத் தடித்து, மேலே நிற்பதையெல்லாம் தூக்கும். உறைதல் எட்டாத ஆழம் இங்கே 4 அடி, அதாவது 1.2 மீற்றர் என்று கொள்ளப்படுகிறது. என் முதல் டெக்கின் குழிகள் இரண்டு அடிக்குச் சற்று மேல்தான் இருந்தன என்பது மூன்றாவது வசந்தத்தில் தெரிந்தது. நடுத்தூண் மேலெழும்பி, றெயிலிங் விலகி, சமையலறைக் கதவு டெக் பலகையில் தட்டியது. போட்டவருடைய தொலைபேசி அப்போது வேலை செய்யவில்லை.

12 அங்குல அகலமும் 4 அடி ஆழமும் கொண்ட ஒரு குழிக்கு ஏறத்தாழ 3.1 கன அடி கொங்கிறீற் வேண்டும். 30 கிலோ கலவைப் பை ஒன்று அரைக் கன அடி தருவதால், குழிக்கு 7 பைகள். மூன்று குழிகளுக்கு 21 பைகள், 630 கிலோ. உங்கள் காரில் ஏற்றி வரலாம் என்று எண்ணுபவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்து இறக்கும் கட்டணத்தையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தால் நிலத்துக்குள் திருகி இறக்கும் எஃகுத் தூண்களும் இப்போது பரவலாக உள்ளன. விலை கூட, ஆனால் ஒரே நாளில் வேலை முடியும், மண்ணை அள்ளி அகற்றத் தேவையில்லை.

கடையில் விற்கும் கட்டைகள், வீட்டோடு இணையாத, நிலத்தோடு ஒட்டிய தாழ்ந்த டெக்குக்கு உரியவை. அது குளிர்காலத்தில் மொத்தமாகச் சற்று எழும்பி மீண்டும் அமரும். வீட்டோடு பூட்டப்படாததால் ஒன்றும் கிழியாது.

வீட்டுச் சுவரோடு பூட்டினால் ஒரு பக்கத் தூண்கள் மிச்சம்தானே?

மிச்சந்தான், சுவர் அதற்கு ஏற்றதாக இருந்தால். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நாம் செங்கல் வீடு என்று சொல்பவற்றில் மிகப் பல உண்மையில் மரச்சட்ட வீடுகள். வெளியே தெரியும் செங்கல் ஒற்றை வரிசை அலங்காரச் சுவர். அது தன் எடையைத் தாங்கும், டெக்கின் எடையைத் தாங்காது. அதில் லெட்ஜர் பலகையை, அதாவது டெக்கை வீட்டோடு இணைக்கும் பலகையை, பூட்டக் கூடாது. கொங்கிறீற் அத்திவாரச் சுவரில் அல்லது வீட்டின் தளச் சட்டத்தில் முறையாகப் பூட்டி, நீர் உட்புகாதபடி தகடு வைக்க வேண்டும்.

அது முடியாத இடத்தில் வீட்டருகே இன்னொரு பீம் வைத்து, டெக்கைத் தனியாக நிறுத்துவதே முறை. மேலும் மூன்று குழிகள் வரும். அத்துடன், வீடு கட்டும்போது தோண்டிப் பின்னர் நிரப்பிய மண் அத்திவாரத்தை ஒட்டி இளகிக் கிடப்பதால், அங்கே குழி 4 அடியோடு நிற்காமல் கலையாத மண் வரை போக வேண்டியிருக்கலாம். இந்த ஒரு தீர்மானம் விலையைக் கணிசமாக மாற்றும். எனவே மதிப்பீடு கேட்குமுன்பே அதைத் தீர்த்துவிடுங்கள்.

கிண்டுவதற்கு முன் யாருக்காவது சொல்ல வேண்டுமா?

ஒன்ராறியோ வன் கோல் சேவைக்குக் குறைந்தது ஐந்து வேலை நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். சட்டப்படி கட்டாயம், கட்டணம் இல்லை. எரிவாயு, மின்சாரம், தொலைத்தொடர்புக் கம்பிகள் போகும் இடத்தில் நிறக்கோடு போட்டுத் தருவார்கள். ஆனால் மானிக்கு அப்பால் நீங்கள் சொந்தமாகப் போட்டவை, உதாரணமாகக் கராஜுக்கு இழுத்த மின்கம்பி, இதில் அடங்காது. அதற்குத் தனியார் சேவையைக் காசு கொடுத்து அழைக்க வேண்டும்.

மரம் நிற்கும் வளவென்றால் இன்னொன்றும் உண்டு. ரொறன்ரோவில், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரம், உங்கள் காணியில் நின்றாலும், நகர அனுமதியின்றி வெட்டவோ வேரைச் சேதப்படுத்தவோ முடியாது. அயலவரின் மர வேர் உங்கள் பக்கம் வந்திருந்தாலும் அப்படியே.

மூன்று பேரிடம் விலை கேட்டேன், மூன்றும் எட்டத்தில் நிற்கின்றன. எதை நம்புவது?

மூவரும் ஒரே டெக்குக்கு விலை சொன்னார்களா என்று பாருங்கள். நீங்கள் வாயால் விபரித்து, அவர்கள் மனத்தில் ஒன்றை எண்ணிச் சொன்ன விலைகளை ஒப்பிடுவது, மாம்பழத்தையும் மாங்கொட்டையையும் ஒரே தராசில் வைப்பதற்குச் சமம். ஒரே வரைபடத்தை மூவருக்கும் கொடுங்கள். குழியின் எண்ணிக்கையும் ஆழமும், ஜோயிஸ்ட் அளவும் இடைவெளியும், ஆணி வகை, பலகையின் பெயர், றெயிலிங் நீளம், பழையதை அகற்றுதல், அனுமதி யார் எடுப்பது, 13 சதவீத எச்எஸ்ரி வரி உள்ளடங்கியதா என்பவை ஒவ்வொன்றிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி எழுதச் சொன்ன பிறகு, மிகக் குறைந்த விலை தானாக ஏறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மதிப்பீட்டுக்குக் காலாவதித் தேதி இருப்பதைக் கண்டு கோபிக்க வேண்டாம். மர விலை நிலையற்றது. 2021 மே மாதத்தில் வட அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் போர்ட் அடிக்கு (மரத்தை அளக்கும் அலகு) 1,600 அமெரிக்க டொலரையும் தாண்டிப் போய், அதே கோடையில் சரிந்தது. ஒப்பந்தத்தில் எழுதிய மதிப்பீட்டை 10 சதவீதத்துக்கு மேல் மீறி, உங்கள் சம்மதமின்றி அறவிட ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிப்பதில்லை.

காசாகத் தந்தால் வரி இல்லை என்கிறார். 20,000 டொலரில் 2,600 மிச்சமாகுமே?

அந்த 2,600 டொலரோடு நீங்கள் கைவிடுபவை: பற்றுச்சீட்டு, எழுத்து ஒப்பந்தம், உத்தரவாதம், வேலையாள் விழுந்து காயப்பட்டால் கேட்பதற்கு ஒரு காப்புறுதி. என் முதல் டெக் அப்படித்தான் போடப்பட்டது. அதைக் கழற்றி அகற்ற மட்டும் முடிந்த தொகை மிச்சம் பிடித்த வரியை விடக் கூட. பொறுப்புக் காப்புறுதிச் சான்றையும், தொழிலாளர் காப்புறுதிச் சபையின் சான்றையும், ரொறன்ரோ என்றால் நகரின் புதுப்பித்தல் தொழில் உரிமத்தையும் கேளுங்கள். கேட்பதை அவமதிப்பாக எடுப்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம், அவர் ஊரவராக இருந்தாலும்.

முற்பணம் எவ்வளவு கொடுக்கலாம்? முழுவதையும் எப்போது தீர்க்க வேண்டும்?

முற்பணத்தை 10 சதவீத அளவில் வைத்து, மிகுதியை வேலையின் கட்டங்களோடு இணையுங்கள்: குழிப் பரிசோதனை முடிந்ததும் ஒரு பங்கு, அடிச்சட்டப் பரிசோதனை முடிந்ததும் ஒரு பங்கு என்றபடி. பரிசோதகர் ஒப்பமிட்ட பிறகே பணம் என்றால் இரு தரப்புக்கும் வாக்குவாதம் குறையும்.

ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டப்படி, ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 சதவீதத்தை நீங்கள் பிடித்துவைக்க வேண்டும்; 20,000 டொலர் வேலையில் அது 2,000. காரணம், உங்கள் ஒப்பந்தகாரர் மரக்கடைக்கோ துணை வேலையாளுக்கோ காசு கொடுக்காவிட்டால், அவர்கள் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோரிப் பதிவு செய்ய முடியும். அதற்கான 60 நாள் காலம் கழிந்து, பதிவு ஏதும் இல்லை என்று உறுதியானபின் அந்தப் பணத்தை விடுவிக்கலாம். இதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதினால் கடைசி நாளில் மனஸ்தாபம் வராது.

அப்படியென்றால் மொத்தம் எவ்வளவு ஒதுக்கி வைக்க?

மதிப்பீடு 20,000 டொலர் என்று கொள்வோம். வரியோடு 22,600. நிலத்துக்குள் என்ன கிடக்கிறதென்று எவருக்கும் தெரியாது என்பதால், மதிப்பீட்டின் 15 சதவீதமான 3,000 டொலரை எதிர்பாராத செலவுக்கு வைத்தால் 25,600. அனுமதிக் கட்டணம், வரைபடம், வெளிமின்விளக்கு, எரிவாயுக் குழாய், இயந்திரம் மிதித்துப் பாழான புல், புதிய மேசை கதிரை ஆகியவை இதற்கு வெளியே. இவற்றில் கடைசியை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. டெக் முடிந்த கிழமையே கடைக்குப் போய்விடுவார்கள்.

தொகை கைக்கு எட்டவில்லை என்றால் கட்டங்களாகப் பிரியுங்கள். முழு அளவுக்கு அனுமதி எடுத்து, அத்திவாரமும் அடிச்சட்டமும் பலகையும் விதி கேட்கும் றெயிலிங்கும் படியும் முதல் ஆண்டு. விளக்கு, பதித்த இருக்கை, பேர்கொலா என்னும் நிழற்பந்தல் போன்றவை பிறகு.

நானே செய்தால் பாதிக்குப் பாதி மிச்சமா?

கூலி பெரும் பங்கு என்பதால் மிச்சம் உண்டு. தாழ்ந்த, நேர்ச்சதுர டெக் என்றால் இருவர் சேர்ந்து சில வார இறுதிகளில் முடிக்கலாம். மின்வேலையையும் எரிவாயு இணைப்பையும் உரிமம் பெற்றவரிடம் விடுங்கள். 12க்கு 16 டெக்குக்கு 5½ அங்குல அகலப் பலகை 27 வரும். கழிவுக்கு 10 சதவீதம் சேர்த்து 30 வாங்குங்கள். முன்னே கூறிய 9 அடி உயர டெக்கைத் தானே செய்ய முனைபவரைத் தடுக்கவே பார்ப்பேன்.

பிறந்தநாளுக்கு ஐம்பது பேர் ஏறினால் தாங்குமா? ஹொட் ரப் வைக்கலாமா?

வீட்டு டெக் சதுர அடிக்கு ஏறத்தாழ 40 இறாத்தல் சுமைக்கு வடிவமைக்கப்படுகிறது. 192 சதுர அடியில் அது சுமார் 3,500 கிலோ, ஏறக்குறைய ஐம்பது பேரின் நிறை. ஆனால் இந்தக் கணக்கு அசையாமல் நிற்பவர்களுக்கு. பாட்டுக்கு எல்லோரும் ஒரே தாளத்தில் ஆடும்போது எழும் பக்கவாட்டு இழுவை வேறு. லெட்ஜர் பலகை சுவரிலிருந்து பிடுங்குவது அப்போதுதான். ஒரே ஓரத்தில் கூடிப் படம் எடுக்கும்போது றெயிலிங் மீது விழும் அழுத்தமும் அப்படியே. நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் றெயிலிங் கட்டாயம், 1.8 மீற்றர் வரை அதன் உயரம் குறைந்தது 90 சென்ரிமீற்றர், அதற்கு மேல் 107. கம்பிகளின் இடைவெளியில் 10 சென்ரிமீற்றர்ப் பந்து நுழையக் கூடாது.

ஹொட் ரப் என்னும் வெந்நீர்த் தொட்டி வேறு கதை. 1,500 லீற்றர் நீரே 1,500 கிலோ. தொட்டியும் ஆட்களும் சேர 2,300 கிலோவைத் தொட்டுவிடும். அதை ஐந்து சதுர மீற்றருக்குள் வைத்தால், டெக்கின் வடிவமைப்புச் சுமையைப் போல் இரு மடங்குக்கு மேல். பொறியியலாளரின் வரைபடம் இல்லாமல் முடியாது. நிலத்தில் கொங்கிறீற் தளம் போட்டு அதன் மேல் வைப்பது மலிவு.

மேலே கூரை போட்டு, மீன் பொரிக்கிற குசினியாக்கலாமா? பிறகு கண்ணாடி அடைத்து அறையாக்கலாமா?

வீட்டுக்குள் மணம் ஏறாமல் வெளியே சமைக்கும் ஆசை நம்மவர் டெக்குகளில் பாதிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். திறந்த டெக்கில், சுவரிலிருந்தும் றெயிலிங்கிலிருந்தும் உற்பத்தியாளர் குறிப்பிடும் தூரம் தள்ளி எரிவாயு அடுப்பு வைக்கலாம். தெறிக்கும் எண்ணெய்க்கு அடியில் ஒரு விரிப்பைப் போடுங்கள், கொம்போசிற்றிலும் கறை பிடிக்கும்.

கூரை வந்தவுடன் அது வேறு கட்டடம். பனியின் சுமை தூண்கள் வழியே குழிக்கு இறங்கும்; குழியும் தூணும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும், அனுமதியும் வேறு. அறையாக்குவது அதற்கும் அப்பால்: வெப்பக் காப்பு, அத்திவாரம், பேஸ்மென்ட் யன்னலின் வெளிச்சம் என்று எல்லாம் எழும். எதிர்காலத்தில் கூரை போடும் எண்ணம் சற்றேனும் இருந்தால் இப்போதே குழிகளைப் பெரிதாக்குங்கள். மேலதிகமாகச் சில பைகள் சீமெந்துக் கலவைதான்.

பழைய டெக்கின் சட்டம் நல்லாய்த்தான் இருக்கு. மேற்பலகையை மட்டும் மாற்றட்டுமா?

கூரான திருகியால் தூணின் அடியையும், லெட்ஜர் பலகையையும், ஜோயிஸ்ட் நுனிகளையும் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் உக்கிவிட்டது. 2015 ஜூனில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு தொடர்மாடியின் பால்கனி இடிந்து ஆறு பேர் இறந்தார்கள். உள்ளே மரம் உக்கியிருந்தது வெளியே தெரியவில்லை. பழைய சட்டம் உறுதியாக இருந்தாலும், 16 அங்குல இடைவெளி நீங்கள் விரும்பும் கொம்போசிற்றுக்குப் போதுமா என்று மேலே பலகை பற்றிய பதிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முந்தின வீட்டுக்காரர் பெர்மிட் இல்லாமல் போட்டிருக்கிறார். இப்போது என்ன செய்ய?

பொறுப்பு இப்போது உங்களுடையது. விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பார். அயலவர் முறையிட்டால் நகரசபை ஆணை அனுப்பும். கட்டி முடிந்த பின்னரும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் குழியின் ஆழத்தைக் காட்ட ஒன்றைத் தோண்ட வேண்டியிருக்கும், உள்ளே பூட்டியதைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். 4 அடி இல்லை என்றால் முழுவதும் திரும்பவும் முதலிலிருந்துதான்.

எந்த மாதத்தில் தொடங்க? முடிந்தபின் ஆண்டுக்கு என்ன செலவு?

வரைபடத்தையும் மதிப்பீட்டையும் தை, மாசியில் தேடுங்கள். ஒப்பந்தகாரர்களுக்கு அப்போது பேச நேரம் இருக்கும். சித்திரையில் தொடங்கினால் வரிசையில் கடைசியாக நின்று, இலையுதிர்காலத்தில்தான் டெக்கைக் காண்பீர்கள்.

புதிய மருந்தடித்த பலகை ஈரமாக வரும். மேலே தெளித்த நீர் உறிஞ்சப்படத் தொடங்கும் வரை சாயம் பூசாமல் காத்திருங்கள். பிறகு ஆண்டுதோறும் ஒரு கழுவல், தளர்ந்த திருகாணிகளை இறுக்குதல், லெட்ஜரின் தகட்டைப் பார்த்தல். பனியை பிளாஸ்டிக் மண்வெட்டியால் பலகையின் நீளவாக்கில் தள்ளுங்கள். கோடையில் வெளியே வைக்கும் கறிவேப்பிலைச் சட்டிகளுக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள். இதுவரை நான் கண்ட உக்கிய பலகைகளில் பல, சட்டி நின்ற வட்டத்தில்தான் உக்கியிருந்தன.